செல்லுபடியான தண்ணீர்

என் மகள் என்னிடம் கேட்டுப் பெற்ற வாக்கு ஒன்றே ஒன்றுதான்: அவளுடைய குழந்தைக்கு என் வீட்டில் எவரும் ஞானஸ்நானம் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்துவிட்டதாகத் தெரியவந்தால், சனிக்கிழமைதோறும் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குச் செல்லும் ஏற்பாடு அன்றோடு முடிந்துவிடும் என்றும் சொல்லியிருந்தாள். அவள் பல் மருத்துவர். வலிக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவது அவளுடைய தொழில் வழக்கம்.

"அத்தை மேல ஒரு கண்ணு வச்சுக்கங்கப்பா. சித்தப்பா, சித்தி மேலயும்தான்," என்றாள்.

"என் வீட்டுல என்னைக் கேக்காம யாரும் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது."

"ஆணி அடிச்சா சத்தம் கேக்கும். தண்ணி ஊத்தினா கேக்காது."

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இந்த அச்சம் விளங்காது, ஆதலால் சொல்கிறேன். எங்கள் திருச்சபையில் பூசைக்குக் குரு வேண்டும். பாவமன்னிப்புக்கும் குரு வேண்டும். ஞானஸ்நானத்துக்கு மட்டும், குழந்தை சாகக் கிடக்கும் வேளையில், யார் வேண்டுமானாலும் போதும். நெற்றியில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால், அக்கணமே அது கத்தோலிக்கக் குழந்தை; பின்னர் எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அதை மாற்ற இயலாது. சாகும் குழந்தைகளுக்காக இரக்கத்தோடு திறந்துவைக்கப்பட்ட அச்சிறு கதவின் வழியே, நன்றாகக் கொழுத்துத் தவழ்ந்துகொண்டிருக்கும் குழந்தைகளையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வது என் குடும்பத்தாருக்குக் கைவந்த கலை.

பரம்பரை என்ற சொல்லை அவர்கள் உச்சரிக்கும்போது, ஆண்டவரின் கடைசி இராப்போசனத்தில் மேசையோரமாக எங்கள் பாட்டனார் ஒருவரும் அமர்ந்திருந்தார் என்றே கேட்பவர் எண்ணுவர். கூடத்துச் சுவரில் அப்பரம்பரை சட்டம் போட்டுத் தொங்குகிறது. நடுவில் இருப்பவர் என் தாத்தாவின் தம்பி, மறைமாவட்டத் தலைவராகிய ஆயரின் செயலாளர். "ஆயர் நம்ம வீட்டு ஆளு மாதிரி" என்று என் தம்பி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வான். அப்பெரியவர் ஆயருடைய கடிதங்களுக்கு உறை ஒட்டும் வேலை பார்த்தவர் என்பதையும், கோந்து வாசனை அவருடைய அங்கியை விட்டுக் கடைசிவரை நீங்கவில்லை என்பதையும் எங்கள் தந்தையார் என்னிடம் தனியே சொல்லியிருக்கிறார். அவருக்கு இருபுறமும் இரண்டு கன்னியர். ஒருவர் உண்மையிலேயே மடத்தில் வாழ்ந்து இறந்தவர். மற்றவர் சேர்ந்த வேகத்திலேயே மடத்தை விட்டு ஓடிவந்து, ஒரு தையற்காரரை மணந்துகொண்டு, குறைவின்றிப் பிள்ளைகள் பெற்றவர். படத்தில் மட்டும் இன்னும் கன்னியர் முக்காட்டோடு கண் தாழ்த்தியிருக்கிறார்.

இருப்பவர்கள் இவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். என்னோடு ஒரே வீட்டில் வசிக்கும் என் அக்கா, பிரசவ விடுதியில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிறந்தவுடன் மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கெல்லாம், பெற்றோர் எந்தச் சமயத்தினர் என்று பாராமல், சத்தமின்றித் தண்ணீர் ஊற்றிவிடுவதை அவர் கடமையாகக் கொண்டிருந்தார். "பாதிச் சொர்க்கம் என் கை வழியாப் போனதுதான்," என்பார். அவற்றுள் பிழைத்தெழுந்து, தாம் கத்தோலிக்கர் என்பதே தெரியாமல், வேறு தெய்வங்களைக் கும்பிட்டுக்கொண்டு எங்கெங்கோ வாழ்பவர்கள் எத்தனை பேர் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

தம்பிக்குச் சுரூபக் கடை. மெழுகுதிரி, ஜெபமாலை, புனிதர்களின் சிலைகள் எல்லாம் அங்கே கிடைக்கும். வரும் வழியில் மூக்கு உடைந்த புனிதர்களுக்கு அவனே மாவுப் பசையால் மூக்குப் பிடித்து ஒட்டி, சாயம் பூசி, அயல்நாட்டுச் சரக்கு என்று விற்றுவிடுவான். கண்ணாடியைப் பார்த்துப் பிடிப்பதால், இந்தப் பங்கின் புனிதர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்து மூக்கு. அவன் மனைவி கோயிற் பாடகர் குழுவின் தலைவி. அவள் பாடினால் மற்றவர்கள் பாடுவது கேட்பதில்லை. அதைப் பக்தி என்கிறார்கள்.

இவர்களிடத்தில்தான் என் மனைவி வந்து சேர்ந்தாள். வேறு சமயத்தில் பிறந்தவள். என்னை மணப்பதற்காக ஞானஸ்நானம் பெற்றாள். எங்களுள் எவரையும்விட ஒழுங்காக ஞானோபதேசம் படித்தாள். எவரையும்விட முன்னதாகக் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றாள். என் குடும்பத்தார் அவளுக்கு வைத்த பெயர் "தண்ணி காயாதவ". ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் இன்னும் காயவில்லையாம். நரை விழுந்த பிறகும் காயவில்லை. அவளுடைய அடக்கப் பூசையில் பங்குக்குரு எங்கள் பரம்பரையையும், உறை ஒட்டிய பெரியவரையும் புகழ்ந்துவிட்டு, பெட்டிக்குள் கிடந்தவளைப் பற்றி 'இக்குடும்பத்தில் இணையும் பேறு பெற்றவர்' என்று ஒரு வாக்கியம் சொன்னார். அதற்குப்பின் நான் கோயிற்படி மிதித்ததில்லை.

என் மகளின் கணக்கு வேறு. சிறுமியாக முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன், குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அவளை அழைத்துச் சென்றபோது, அவளிடம் சொல்வதற்குப் பாவம் எதுவும் இருக்கவில்லை. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, பக்கத்து வீட்டுப் பூனையைக் கல்லால் அடித்ததாக ஒரு பாவத்தைக் கட்டிச் சொன்னாள். பிறகு, பாவசங்கீர்த்தனத்திலேயே பொய் சொன்னது சாவான பாவம் என்பதை அறிந்து, அதைச் சொல்லவும் அஞ்சி, இரவெல்லாம் நரகத்துக்குப் பயந்து காய்ச்சலில் விழுந்தாள். இன்றும் அவள் யாரைப் பார்த்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்பாள். வழியில் கிடக்கும் நாற்காலியில் கால் இடித்தால், நாற்காலியிடம் கேட்பாள்.

"என் பொண்ணு நாற்காலிகிட்ட மன்னிப்பு கேக்கக் கூடாதுப்பா. அவ்வளவுதான் என் ஆசை. பெரியவளானதும் அவளுக்கு வேணும்னா அவளே போய் ஊத்திக்கட்டும்."

பாலங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளராகிய என் மருமகனுக்கு எந்தச் சமயமும் இல்லை. இல்லாததைப் பற்றிய பெருமையும் இல்லை. அவரும் சம்மதித்தார். நானும் மனமாரச் சம்மதித்தேன்.

சனிக்கிழமைகள் எனக்கு எப்படிப்பட்டவை என்பதைச் சொன்னால்தான், நான் எதைப் பணயம் வைத்திருந்தேன் என்பது புரியும். உருண்டை என்று நாங்கள் கூப்பிடும் அக்குழந்தை, ஆசிரியர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றபின் என்னைக் கண்டதும் கைகொட்டும் ஒரே உயிர். அது என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கும்; அகராதியின் மூலையைக் கடித்துச் சுவைக்கும்; பிறகு என் மார்பின்மீது கவிழ்ந்து, சட்டைப் பையில் எச்சில் ஒழுக உறங்கும். அது உறங்கி எழும் வரை நான் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கிடப்பேன். வாரத்தின் மற்ற நாள்கள் சனிக்கிழமைக்குப் போகும் வழியாக மட்டுமே இருந்தன.

ஆகவே காவல் காத்தேன். வாசற்கதவருகே சுவரில் பதித்திருந்த தீர்த்தத் தொட்டியைக் கழற்றிப் பரணில் போட்டேன். அக்காவை உட்காரவைத்துச் சொன்னேன்.

"நான் ஏன்டா செய்யப் போறேன்?" என்றார் அவர். "பெத்தவங்க வேண்டாம்னா வேண்டாம். எனக்கென்ன வேற வேலை இல்லையா?"

சோப்பு போட்ட குழந்தையைப் பிடிக்க எனக்குத் தெரியாதாகையால், குளிப்பாட்டுவது மட்டும் அவர் வேலையாக இருந்தது. அப்போதும் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். எரிவாயு உருளை கொண்டுவருபவர் மணி அடித்தால் எழுந்து போகத்தான் வேண்டியிருந்தது. தம்பி மனைவி, குழந்தைக்குக் காற்று வாங்கித் தருவதாகச் சொல்லி, தள்ளுவண்டியில் வைத்துத் தெருமுனைவரை போய்வருவாள். அவர்களுடைய கடை தெருமுனையில்தான் இருக்கிறது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

உருண்டைக்கு முதற்பல் முளைத்ததைக் கொண்டாட, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் என் வீட்டில் மதிய உணவுக்குக் கூடினோம். பல் மருத்துவரின் மகளுக்குப் பல் முளைப்பது பட்டமளிப்பு விழாவைப் போன்றதாயிற்றே. பூசை முடிந்து நேரே வந்தவர்களாதலால், என் தம்பியும் அவன் மனைவியும் உயர்ந்த உடையிலும் அதைவிட உயர்ந்த மனநிலையிலும் இருந்தனர். குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. தொண்டையில் கரகரவென்று ஓர் ஒலி. என் மகள் கரண்டியால் குழைத்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"சளிதானே, சரியாயிடும்," என்றாள் தம்பி மனைவி, கோழிக்கறியைப் பரிமாறிக்கொண்டே. "அவங்க பேரை வச்ச குழந்தைக்குத் தொண்டையில ஒண்ணும் வராது."

எங்களில் குழந்தைக்குப் புனிதரின் பெயர் வைப்பது ஞானஸ்நானத்தின்போதுதான்.

"யாரு பேரை வச்ச குழந்தைக்கு?" என்றார் அக்கா.

தம்பி மனைவி கறிப் பாத்திரத்தைப் பார்த்தாள். "ஏதோ வாய் தவறி வந்துடுச்சு அண்ணி."

"தொண்டைக்குக் காவல்னா பாட்டுக்காரங்களோட புனிதை. குழுவுல பாடறவ வாயிலதான் அந்தப் பேரு வரும். வாய் தவறியா வந்துச்சு?"

"விடுங்கக்கா," என்றான் தம்பி. "நல்ல காரியம்தானே? அண்ணன் வீட்டுக் குழந்தை இப்படி ஒண்ணும் இல்லாம அலையுதேன்னு மனசு கேக்கலை. யாருமே செய்யலைன்னா நாமதானே செய்யணும்?"

"யாருடா செய்யலைன்னது?" அக்காவின் குரலில் செவிலியர் தலைவியின் கண்டிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு முன்னாடியே ஆச்சு. பேரும் வச்சாச்சு. கர்ப்பிணிகளைக் காக்கற புனிதரோட பேரு."

"எப்ப வச்சீங்க?"

"அவளுக்குத் தலை நிக்கறதுக்கு முந்தியே."

"எங்களுக்குத் தெரியாதே அக்கா."

"தெரியணும்னா செஞ்சேன்?"

தத்தம் தொழிலுக்கு ஏற்ற புனிதரைத் தேர்ந்து, கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவதைப் போல என் பேத்தியின்மேல் மாட்டியிருக்கிறார்கள். என் மகளின் கையில் கரண்டி பாதி வழியில் நின்றிருந்தது. அவள் முகத்தை நான் பார்த்தேன். பார்த்ததும் எழுந்து நின்றேன். அவளுக்காகத்தான் எழுந்தேன் என்பதை இன்றும் சொல்வேன். இந்தத் திருடர்களை அவள் முன்னிலையில் விசாரித்து, அவர்களுடைய அறியாமையை மேசைமேல் கொட்டிக் காட்டிவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

"நீ சொல்லு முதல்ல," என்றேன் தம்பியிடம். "எங்க செஞ்சீங்க?"

"கடையில. பின்னாடி அறையில, சாயம் பூசற இடத்துல."

"எந்தத் தண்ணி?"

"அயல்நாட்டு ஊத்துத் தண்ணி அண்ணே. குப்பியில வருதே, மாதா படம் போட்டது. ஒரு முழுக் குப்பி."

"அது நம்ம குழாய்த் தண்ணின்னு உனக்கே தெரியும். போகட்டும், குழாய்த் தண்ணியும் தண்ணிதான். யாரு ஊத்தினது?"

"நான்தான்."

"யாரு வார்த்தை சொன்னது?"

"இவ." தன் மனைவியைக் காட்டினான். "அவ குரல் நல்லா இருக்குமேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு தலைமுறைக் கத்தோலிக்கன். ஆயர் வீட்டு ஆள். "ஊத்தினவன் ஒருத்தன், சொன்னவ இன்னொருத்தியா? அது செல்லாதுடா. ஊத்தற கையும் சொல்ற வாயும் ஒரே ஆளோடதா இருக்கணும்."

"கணவனும் மனைவியும் ஒரே உடல்னு வேதத்துலயே சொல்லியிருக்கே அண்ணே?"

"அது கல்யாணத்துக்கு. இதுக்கு இல்லை. நீங்க ரெண்டு பேரும் குழந்தை தலையை நனைச்சதுதான் மிச்சம். சளி பிடிச்சதுக்கு அதுதான் காரணமா இருக்கும்."

தம்பி மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டாள். நான் அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"நீங்க எங்க செஞ்சீங்க?"

"குளியலறையில. எரிவாயுக்காரன் வந்தப்ப."

"தலையில ஊத்தினீங்களா, நெத்தியிலயா? முடி மேல மட்டும் பட்டிருந்தா சந்தேகம்."

"நெத்தியிலதான். அப்ப முடி எங்க இருந்துச்சு அவளுக்கு?"

"தண்ணி ஓடுச்சா? பஞ்சால ஒத்தி எடுத்தா போதாது."

"ஓடி காதுக்குள்ள போயி அழுதா."

"வார்த்தையை ஊத்தும்போதே சொன்னீங்களா, இல்லை ஊத்தி முடிச்சு, நிதானமா, துண்டால துடைக்கும்போது சொன்னீங்களா?"

"ஊத்த ஊத்தச் சொன்னேன். மூணு தரம் ஊத்தினேன், மூணு பேரையும் சொன்னேன். எனக்கே பாடம் நடத்தறியா? நீ பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு முன்னாடியே எனக்கு இது மனப்பாடம்."

"எந்த நினைப்போட செஞ்சீங்க? விளையாட்டாவா, திருச்சபை செய்யறதைச் செய்யணும்னா?"

"இதுல விளையாட்டு என்ன இருக்கு?"

நான் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது வரும் அந்தப் பழைய நிறைவு, வெட்கமின்றிச் சொல்கிறேன், அப்போது என்னுள் ஊறிக்கொண்டிருந்தது. "ஆபத்து எதுவும் இல்லாத நேரத்துல, தாய் தகப்பனைக் கேக்காம, திருட்டுத்தனமா செஞ்சது பெரிய குத்தம். அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். ஆனா செஞ்சது செஞ்சதுதான். தண்ணி சரி, வார்த்தை சரி, நினைப்பு சரி. செல்லும். ஆத்துமாவுல முத்திரை விழுந்தாச்சு. அழிக்க முடியாது. நாளைக்கு அவளே வளர்ந்து வந்து வேண்டாம்னு சொன்னாலும் அழியாது. தம்பி, நீ ஊத்தினது இதுக்கு அப்புறம்ங்கறதால, ஒழுங்கா ஊத்தியிருந்தாலும் அது வெறும் தண்ணிதான்."

"மாமா," என்றார் என் மருமகன். "அப்ப அத்தை ஊத்தினது வெறும் தண்ணி இல்லையா?"

பாலத்தில் எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் மகள் குழந்தையின் வாயைத் துடைத்து, கழுத்துத் துணியை அவிழ்த்து, மடித்து வைத்தாள். "முடிஞ்சுதாப்பா?" என்றாள்.

"இவங்களுக்கு ஒண்ணும் தெரியலைங்கறதைக் காட்டத்தான்..."

"காட்டிட்டீங்க. நீங்க கோயிலுக்குப் போறதில்லை."

"அம்மா போனதிலிருந்து போறதில்லை. உனக்கே தெரியும்."

"ஆனா திருச்சபை சொன்னபடி வெள்ளிக்கிழமை கறி சாப்பிடமாட்டீங்க. கேட்டா, கறிக்கடைக்காரர் வெள்ளிக்கிழமை பழைய கறி போடறார்ம்பீங்க."

"போடறான்தான்."

"சரி. இதையெல்லாம் நம்பறீங்களா? ஆத்துமா, முத்திரை?"

"நம்பலை," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"அப்ப ஏன்பா, 'அக்கா குழந்தையைக் குளிப்பாட்டினாங்க, தம்பி ஒரு குப்பித் தண்ணியை வீணாக்கினான், வேற ஒண்ணும் நடக்கலை'ன்னு சொல்லலை? நான் அதுக்குத்தான் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க அதைச் சொல்லியிருந்தா நானும் சிரிச்சுட்டுச் சாப்பிட்டிருப்பேன். அத்தையோட ரெண்டு நாள் சண்டை போட்டுட்டு, சனிக்கிழமை கூட்டிட்டு வந்திருப்பேன்."

அதுவரை பற்றியிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எந்த வகுப்பிலும் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

"அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தண்ணி காயலைன்னாங்க. அதைச் சொன்னவங்க முன்னாடியே நின்னு, என் பொண்ணுக்குத் தண்ணி எங்க பட்டுச்சு, எப்படி ஓடுச்சுன்னு கேட்டீங்க." அவள் குரலை உயர்த்தவேயில்லை. "அத்தை தண்ணிதான் ஊத்தினாங்க. ஞானஸ்நானம் குடுத்தது நீங்க."

அவர்கள் போய்விட்டார்கள். குழந்தை மருமகனின் தோள்மேலிருந்து எங்கள் எல்லாரையும் பார்த்துக் கைகொட்டிக்கொண்டே போயிற்று. படத்தில் இருந்த உறை ஒட்டியவரும் எங்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைப் போன்றவர்களிடம் நாணம் என்று ஒன்றை எதிர்பார்ப்பவன் ஏமாறுவான். வாசற்கதவு சாத்திய ஓசை அடங்கும் முன்பே தம்பி கேட்டான்: "அப்ப எங்களோடது சுத்தமா செல்லாதா அண்ணே? பேருகூட நிக்காதா?" அவன் மனைவி, பேராவது நடுப்பெயராக நிற்கும் என்று தான் எங்கோ கேட்டிருப்பதாகச் சொன்னாள். நான் அவர்களை அவர்களுடைய கறிப் பாத்திரத்தோடு வெளியே அனுப்பினேன்.

அக்கா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அடுப்பங்கரை வாசலில் போய் நின்றேன். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எண்ணினேன்.

"நீ கேட்டதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு," என்றார் திரும்பாமலே. "எரிவாயுக்காரன் மணி அடிச்ச அவசரத்துல சரியாச் செஞ்சேனான்னு எனக்கே ஒரு உறுத்தல் இருந்துச்சு. இப்ப நிம்மதியா இருக்கு."

அடுத்த சனிக்கிழமை வாசல்மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் அடிக்கவில்லை. நான் அகராதியை எடுத்து, அதன் மென்ற மூலையைப் பார்த்துவிட்டு, மீண்டும் அலமாரியில் வைத்தேன். அக்காவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜெபமாலை சொல்பவர்களுக்குப் பேச ஆள் தேவையில்லை.

பிறகு மருமகன்தான் தொலைபேசியில் அழைத்தார். "புதன்கிழமை சாயங்காலம் அவ வீட்டுல இருப்பா. வந்து பார்க்கச் சொன்னா. நீங்க மட்டும்," என்றார்.

அவர்களுடைய குடியிருப்பு ஏழாம் மாடியில் இருந்தது. மின்தூக்கியின் கண்ணாடியில், நேர்காணலுக்குப் போகும் இளைஞனைப் போல, சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவனைக் கண்டேன். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் சுவர்கள் வெறுமையாக இருந்தன. பற்பசை நிறுவனம் ஒன்றின் நாட்காட்டியைத் தவிர வேறெதுவும் இல்லை. கதவுக்கு மேலே எங்கள் வீடுகளில் சிலுவை இருக்கும் இடத்தை என் கண்கள் தாமாகவே தேடிப்போய், அங்கே மின்கம்பிப் பெட்டி ஒன்றைக் கண்டு திரும்பின. சிலுவை மாட்டாத மகளைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு வெற்றிடத்தைப் பார்த்து, 'இங்கே ஏதோ குறைகிறது' என்று நினைத்தவன் நான்தான்.

என் மகள் தேநீர் கொடுத்தாள். சளி நீங்கிவிட்டது என்றாள். இரண்டாவது பல்லும் முளைத்திருந்தது. பிறகு உருண்டையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, எதிரே அமர்ந்துகொண்டாள். மருத்துவமனையில் மயக்க மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் பார்வையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கியது, சிரித்தது. அகராதி இல்லாததால் என் சட்டைப் பொத்தானைக் கடித்தது. எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. கிளம்பும் நேரம் வந்ததும் எழுந்து, அதை இடது கையில் அணைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்டா தங்கம்," என்றேன்.

என் தந்தையார் நான் பள்ளிக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் தம் கட்டைவிரலால் என் நெற்றியில் சிறு சிலுவை வரைந்து அனுப்புவார். தபால்தலைமேல் முத்திரை குத்துவதைப் போல, என் முகத்தைக்கூடப் பாராமல். எங்கள் வீட்டில் எவரும் எவரையும் அந்த முத்திரையின்றி வாசலுக்கு அப்பால் விட்டதில்லை. என் வலக் கட்டைவிரல் இப்போது குழந்தையின் நெற்றிக்கு வெகு அருகில் இருந்தது. அதை அங்கே யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அனுப்பவில்லை.

"அப்பா," என்றாள் என் மகள்.

"நெத்தியில பால் ஒட்டியிருந்துச்சு," என்றேன்.

"இல்லை."

"இல்லை," என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அவள் எழுந்து வரவில்லை. குழந்தையை வாங்கிக்கொள்ளவும் இல்லை. சற்று நேரம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அழும் நோயாளிகளிடம் பேசும் குரலில், "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்கப்பா," என்றாள்.

பிடித்துக்கொண்டேன். வேலை கிடைத்துவிட்ட கை, முரண்டு செய்யாமல் குழந்தையின் முதுகுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. எவ்வளவோ மாணவர்களின் கையெழுத்தை இகழ்ந்திருக்கிறேன். ஆனால் என்னுடைய அந்தக் கையைப் பார்த்த அளவு இகழ்ச்சியோடு எதையும் நான் பார்த்ததில்லை.

"அடுத்த புதன்கிழமை வரலாமா?" என்றேன்.

"வாங்க. இப்படியே பிடிச்சுக்கிட்டு நிப்பீங்கன்னா வாங்க."

நிற்பேன் என்றேன். அந்த வாக்கை என்னிடமிருந்து அவள் எப்படி நம்பி வாங்கிக்கொண்டாள் என்பது எனக்கு விளங்கவில்லை. அவள் வந்து குழந்தையை எடுத்துக்கொள்ளும் வரை, இரண்டு கைகளையும் அகற்றாமல், நடுக்கூடத்தில் அப்படியே நின்றிருந்தேன்.